தூள் போடாத நாலு பாத்தி

ஐப்பசி மழை மூன்று நாள் கொட்டித் தீர்த்து வானம் வெளுத்த காலையில், ரங்காத்தாள் மாட்டுக்குப் புல் அறுக்கத் தோட்டத்தின் பள்ளத்து மூலைக்குப் போனாள். போனவள் அறுக்காமல் அரிவாளைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

அந்த மூலைக்கு அந்தப் பக்கம், கம்பி வேலியை ஒட்டி, கல் உடைக்கிற கிரசருக்குப் போகிற மண் ரோடு. பகலெல்லாம் டிப்பர் லாரிகள் சல்லியும் தூளும் சிந்திக்கொண்டு போகும். மழை பெய்தால் ரோட்டில் கிடக்கும் தூளெல்லாம் கரைந்து வேலிக்கடியில் புகுந்து இந்தப் பள்ளத்தில் வந்து தேங்கும். வருசக்கணக்காகத் தேங்கி, செவக்காட்டு மண்ணின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு முழம் படிந்திருந்தது. ஒன்றுக்கும் ஆகாத இடம் என்று அதை யாரும் உழுவதில்லை.

அங்கே தானாக முளைத்த நாலு கத்தரிச்செடி. தண்டு பெருவிரல் கனம். இலை கருகருவென்று உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. பத்தடி மேலே அவள் தன் கையால் நட்டு, எருப் போட்டு, தண்ணீர் கட்டிய கத்தரியோ இலையோரம் தீய்ந்து, வளர்த்தி இல்லாமல் முடங்கி நின்றது. ரங்காத்தாள் அங்கும் இங்கும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தச் சாம்பல் மண்ணை விரலால் தோண்டினாள். வேர் கொத்தாக மயிர் போல அதற்குள் இறங்கியிருந்தது.

திருப்பூரிலிருந்து வீரபாண்டி வழியாகத் தெற்கே வந்தால், பனியன் கம்பெனிகள் ஓய்ந்து தென்னந்தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது வேலங்காட்டுப்புதூர். ரங்காத்தாளுக்கும் அவள் புருசன் அய்யாசாமிக்கும் அங்கே மூன்றரை ஏக்கர். கொஞ்சம் தென்னை, மீதி சின்ன வெங்காயமும் தீவனச் சோளமும், கட்டுத்தரையில் நாலு மாடு. நாலைந்து வருசமாகத் தோட்டம் படுத்துவிட்டது. தேங்காய் சூம்பிப் போயிற்று. வெங்காயம் தாள் விட்டு நன்றாகத்தான் வரும், காய் பருக்காது. பொட்டாஷ் மூட்டைக்கு அலைந்து, கிடைத்தபோது போட்டு, கிடைக்காதபோது சும்மா விட்டு, அய்யாசாமிக்குச் சலித்துவிட்டது. மகன் சதீஷ்குமார் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். "பேசாம கம்பெனிக்காரருக்கு செட்டுப் போட உட்டுருங்கப்பா. குடோனுக்கு எடங் கேட்டுட்டே இருக்கறாங்க" என்று வருகிறபோதெல்லாம் சொல்வான். தை பிறந்தால் ஆகட்டும் என்று அய்யாசாமி அரைமனதாகத் தலையாட்டி வைத்திருந்தார்.

ரங்காத்தாளுக்குத்தான் அதற்கு மனசு ஒப்பவில்லை. முப்பது வருசம் அவள் குனிந்து நிமிர்ந்த மண் அது.

அன்று மத்தியானம் அரிசியும் பருப்பும் சோறாக்கி, நெய் விட்டுத் தட்டில் போட்டுவிட்டு, மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"ஏனுங்க, பள்ளத்து மூலையில கத்தரிச் செடியப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"சும்மா கெடக்கற எடத்துல அப்பிடி வந்திருக்குது. அந்தக் கிரசர் தூளுல என்னமோ சத்து இருக்குமாட்ட இருக்குது. நம்ம காட்டுக்குக் கொஞ்சம் அடிச்சுப் பாத்தா என்னுங்க?"

அய்யாசாமி வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கிவிட்டார்.

"தவசி நெஞ்சுக்குள்ள போன தூள என்ற தோட்டத்துல கொண்டாந்து கொட்டச் சொல்றயா?"

அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

தவசி அய்யாசாமியோடு பள்ளிக்கூடம் போனவர். பதினேழு வருசம் அந்தக் கிரசரில் கல் அரைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். மூக்கில் ஒரு துணி கூடக் கட்ட மாட்டார்கள் அந்தக் காலத்தில். இருமல் வந்து, உடம்பு வற்றி, கடைசி ஒரு வருசம் கட்டிலில் உட்கார்ந்தே தூங்கினார்; படுத்தால் மூச்சு நின்றுவிடும். அவர் போன பிறகுதான் அய்யாசாமி கிரசரை எதிர்த்துக் கிளம்பினார். மனுப் போட்டார். லாரிக்குக் குறுக்கே படுத்தார். ஆடிக்காற்றில் தூள் பறந்து வந்து தென்னங்கீற்றிலும் சோளத்திலும் மாவு பூசினாற்போல அப்புவதைப் படம் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். ஊரில் பலபேர் பாதியில் கழன்றுகொண்டார்கள். அவர் விடவில்லை. கிரசர் முதலாளி வேல்குமார் அவருக்குப் பங்காளி முறையில் தம்பி. எதிரெதிரே வந்தாலும் இருவரும் பேசுவதில்லை.

இதெல்லாம் ரங்காத்தாளுக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் கத்தரிச்செடி கண்ணை விட்டுப் போகவில்லை.

கார்த்திகையில் ஒருநாள், ஒரு தூக்குப்போசியில் அந்தச் சாம்பல் மண்ணையும் கிரசர் ரோட்டில் அள்ளிய தூளையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வேளாண்மை ஆபீசுக்குப் போனாள். அங்கே கிருத்திகா என்று ஒரு சின்ன வயசு ஆபீசர். அந்தப் பெண் தூளை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, வெயிலில் காட்டிப் பார்த்தது.

"இது எந்தக் கல்லுங்கம்மா? வெள்ளைக் கல்லா, கருப்பா?"

"கருப்புத்தானுங்க. நடுவால மினுக்கு மினுக்குன்னு இருக்கும்."

"அந்த மினுக்குதான் அப்பிரகம், மைக்கான்னு சொல்றது. சாம்பல்சத்து, அதான் பொட்டாஷ், அதுக்குள்ள இருக்கும். ஆனா பூட்டிப்போட்ட பெட்டியாட்டத்தான். யூரியா மாதிரி இன்னைக்குப் போட்டு நாளைக்குப் பச்சையாகாது. கல்லு கரையோணும். சாணத்தோட போட்டு மக்க வெச்சா, அதுல இருக்கற கண்ணுக்குத் தெரியாத உசுருக அந்தப் பூட்டைக் கொஞ்சங் கொஞ்சமாத் திறக்கும். ஒரு வெள்ளாமையில தெரியலாம், தெரியாமயும் போலாம். மூணு நாலு வெள்ளாமை பாக்கோணும்."

"கெடுதல் ஒண்ணும் இல்லீங்களே?"

"அதுக்குத்தான் லேபுக்கு அனுப்பறேன். வேற ஏதாச்சும் கலந்திருக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன். ஒண்ணு மட்டும் நெனப்புல வெச்சுக்கோங்க. காஞ்ச தூளைக் கையில எடுக்கவே எடுக்காதீங்க. நனைச்சுத்தான் அள்ளோணும். பறந்தா மூச்சுல போயிரும்."

ரங்காத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியுமுங்க" என்றாள்.

பத்து நாளில் கிருத்திகா போனில் கூப்பிட்டது. கெடுதல் எதுவும் இல்லை, கொஞ்ச இடத்தில் போட்டுப் பார்க்கலாம் என்றது. "பாதி எடத்துக்குச் சாணமும் தூளும், பாதி எடத்துக்கு வெறுஞ் சாணம். அப்பத்தான் எதுனால வந்துதுன்னு தெரியும்" என்றும் சொன்னது.

மார்கழியில் அய்யாசாமியின் தங்கை வீட்டுக்காரருக்கு இடுப்பில் ஆபரேஷன். அய்யாசாமி மடத்துக்குளம் போய் நாலு நாள் தங்க வேண்டியதாயிற்று. அவர் பஸ் ஏறிய அன்றே ரங்காத்தாள் கிரசருக்கு நடந்தாள். வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருசத்தில் புருசனுக்குத் தெரியாமல் அவள் செய்தது அது ஒன்றுதான். ரோட்டில் கால் வைக்கிறபோதெல்லாம் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. திரும்பவில்லை.

அண்ணன் சம்சாரத்தைப் பார்த்ததும் வேல்குமார் ஆபீஸ் ரூமிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

"வாங்க நங்கையா! அதிசயமா இந்தப் பக்கம் வந்திருக்கறீங்க. உக்காருங்க. டீ சொல்லுட்டுங்களா?"

"அதெல்லாம் வேண்டாமுங்க. தூள் ஒரு லோடு வேணும். மாவாட்டம் இருக்கறது. நனைச்சு அனுப்போணும்."

"தூளுங்களா? எதுக்குங்க?"

"காட்டுக்குப் போட்டுப் பாக்கறதுக்கு."

வேல்குமார் ஒரு நிமிசம் அவளையே பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "அதுக்கு நீங்க நடந்து வரோணுமுங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா அனுப்பியிருப்பனே. ரண்டு லோடாவே அடிக்கச் சொல்றேன்."

"ஒண்ணு போதும்."

மறுநாள் காலை டிப்பர் வந்தது. கட்டுத்தரைக்குப் பின்னால் நனைந்த தூளைக் கொட்டியது. டிரைவர் இறங்கி செல்போனில் இரண்டு மூன்று படம் எடுத்தான். லோடு இறக்கியதற்குக் கணக்குக் காட்ட எடுக்கிறானாக்கும் என்று ரங்காத்தாள் நினைத்தாள். அவன் போனதும் சாணத்தை ஒரு அடுக்கு, தூளை ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, சோளத்தட்டு பரப்பி, தண்ணீர் தெளித்து, தென்னங்கீற்றால் மூடினாள். இரண்டு நாள் வேலை. முதுகு விட்டுப்போயிற்று. ஆனாலும் மனசு கத்தரிச் செடி பக்கமே நின்றது.

அய்யாசாமி ஊரிலிருந்து வந்து பையை இறக்கி வைத்தார். மாட்டைத் தடவிக் கொடுக்கப் பின்பக்கம் போனவர், அங்கேயே நின்றார். கீற்றைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு கொண்டாந்தா?"

"நாந்தானுங்க கேட்டு வாங்குனேன்."

"அவங்கிட்டப் போயி நின்னயா?"

"தோட்டத்தைக் குடோனுக்கு உடறதுக்கு முன்னால ஒருக்காப் பாத்தரலாம்னு..."

"நின்னயான்னு கேட்டேன்."

"நின்னனுங்க."

கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. கீற்றை மறுபடி போட்டு மூடிவிட்டு அவர் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டார். அதிலிருந்து பேச்சு நின்றது. சோறு போட்டால் சாப்பிடுவார். தண்ணீர் வைத்தால் குடிப்பார். "ரங்கா" என்று கூப்பிடுகிற சத்தம் வீட்டில் இல்லாமல் போயிற்று.

தை மாதம் வேல்குமார் இரண்டாவது மிஷின் போட அனுமதி கேட்டிருந்தார். அதற்கு ஊர்க்காரர்களின் கருத்துக் கேட்க, மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். அய்யாசாமி ஒரு வாரமாகப் பழைய படங்களையும் மனுக்களையும் எடுத்து அடுக்கினார். அன்று காலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ரங்காத்தாள் கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் ஊர் பாதி இருந்தது. பெண்கள் பக்கம் தவசியின் சம்சாரம் சுப்பாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள், அன்று லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ரங்காத்தாளுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

அய்யாசாமி எழுந்து பேசினார். தூள் படிந்த கீற்றைச் சொன்னார். ஊரில் பிள்ளைகளுக்கு வருகிற மூச்சிரைப்பைச் சொன்னார். தவசியைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார்.

அவர் உட்கார்ந்ததும் கிரசர் பக்கத்திலிருந்து பேண்ட் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார்.

"ஐயா சொல்றதை நாங்க மதிக்கறோம். ஆனா இந்தத் தூள் தீங்கானது இல்லீங்க, விவசாயத்துக்கு உரம். நாங்க சொல்லலை. இதை எதிர்க்கற ஐயாவோட தோட்டத்துலயே வாங்கிப் போட்டிருக்காங்க."

சுவரில் கட்டிய வெள்ளைத் திரையில் படம் விழுந்தது. கட்டுத்தரை, டிப்பர், தூள் குவியல். ஓரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரங்காத்தாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அய்யாசாமி எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த காகிதக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருடைய பிடரி மட்டும் ரங்காத்தாளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் சுப்பாத்தாள் திரையையும் இவளையும் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு ஜாண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த ஒரு ஜாண்தான் ரங்காத்தாளை எழுப்பிவிட்டது. மைக் வேண்டுமென்று அவள் கேட்கவில்லை. யாரோ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

"அந்தப் படத்துல இருக்கறது நாந்தானுங்க. தூள் கேட்டு வாங்குனதும் நாந்தான். என்ற ஊட்டுக்காரரு அன்னைக்கு ஊர்லயே இல்லீங்க. அவிய வேண்டாம்னு சொன்னாங்க. நாந்தான் மீறி வாங்குனேன். அதனால சிரிக்கறதா இருந்தா என்னையப் பாத்துச் சிரிங்க."

சிரிப்பு நின்றது.

"அது ஒரமான்னு கேட்டா எனக்கே இன்னும் தெரியாதுங்க. சாணியோட நனைச்சு மூடி வெச்சிருக்கறேன். மூணு மாசம் மக்கோணும். அப்பறம் மண்ணுக்குள்ள போட்டா, நாலு வெள்ளாமையில மண்ணு அதைக் கொஞ்சங் கொஞ்சமாத் திங்குமாம். ஆபீசரம்மா சொன்னாங்க. மண்ணுக்கு அத்தனை வருசம் பொறுமை இருக்குதுங்க. தவசியண்ணன் நெஞ்சுக்கு அது இருந்துதுங்களா? கல்லைக் கரைக்கறதுக்கு மண்ணாட்ட நெஞ்சுக்குள்ள என்னங்க இருக்குது?"

அவள் வேல்குமார் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள்.

"நான் கேட்டது நனைஞ்ச தூளு. ஒரே ஒரு லோடு. இவிய ஆடிக்காத்துல அனுப்பறது காஞ்ச தூளு. அதை நாங்க யாரும் கேக்குலீங்க. மிஷினுக்கு மூடாப்புப் போடுங்க. ரோட்டுக்குத் தண்ணி அடிங்க. லாரிக்குத் தார்ப்பாய் கட்டுங்க. அப்பறமும் மிச்சமாகற தூளு இருந்தா நானே கூடையோட வந்து நிக்கறேன். இருக்கற ஒரு மிஷினுக்கே இது எதையும் செய்யாம, இன்னொண்ணு எதுக்குங்க?"

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். வேல்குமார் எழுந்து, "நங்கையா, நான் தப்பா ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "அம்மா சொன்ன மூணையும் எழுதிக்கோங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

கூட்டம் கலைந்தபோது வாசலில் சுப்பாத்தாள் நின்றிருந்தாள். ரங்காத்தாள் கிட்டே போனாள்.

"சுப்பா..."

"பேசுனது சரிதானுங்கக்கா" என்றாள் சுப்பாத்தாள். "ஆனா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் செஞ்சிருக்கோணும். அந்தப் படத்தை அங்க வந்தா நான் பாக்கறது?"

சுப்பாத்தாள் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

அய்யாசாமி வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினார். வேட்டியை மாற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது.

"ரங்கா."

அவள் ஓடினாள். அவர் கீற்றை விலக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மேலாப்புல காஞ்சு போயிக் கெடக்குது பாரு. இப்பிடியே கிளறுனீன்னா பறக்கும். நாளைக்கு நீ தொடாத. நான் ஓசு போட்டுத் தண்ணி உட்டு ஊற வெக்கறேன். அப்பறம் கிளறிக்கலாம்."

"செரிங்க" என்றாள். அழுகை வந்துவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

மாசியில் அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்தது. மூடாப்பும் தண்ணீரும் இல்லாமல் புது மிஷினுக்கு அனுமதி இல்லை என்று இருந்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. பழைய மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பங்குனியிலிருந்து காலையும் பொழுதோடும் ஒரு டேங்கர் வந்து ரோட்டில் தண்ணீர் அடித்துவிட்டுப் போயிற்று. குடோன் பேச்சு எடுத்த மகனிடம், "ஒரு வெள்ளாமை பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்று அய்யாசாமி முடித்துவிட்டார்.

வைகாசியில் வெங்காயம் நட்டார்கள். வடக்கால் பாதிக்குத் தூள் கலந்த எரு, தெற்கால் பாதிக்கு வெறும் சாண எரு. ஒரு மாதம் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ரங்காத்தாள் தினமும் இரண்டு பக்கமும் போய்க் குனிந்து பார்த்தாள். ஐம்பது நாளில்தான் வித்தியாசம் தெரிந்தது. தெற்கால் தாள் நுனி கருகியபோது வடக்கால் பச்சை நின்றது. ஆடிக் கடைசியில் பிடுங்கியபோது வடக்குப் பக்கத்துக் காய் கொஞ்சம் பருவட்டாக, கெட்டியாக, நல்ல சிவப்பாக இருந்தது. ஓகோ என்று சொல்ல முடியாது. பார்க்க வந்த கிருத்திகாவும், "ஒரு வெள்ளாமையை வெச்சு ஒண்ணுஞ் சொல்லக் கூடாதுங்கம்மா" என்றது. ஆனால் அய்யாசாமி ஒரு கொத்தைப் பிடுங்கி மண்ணைத் தட்டி, உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினார். திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார்.

காய் பிடுங்க ஆள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே சுப்பாத்தாள் வந்து நின்றாள்.

"கம்பெனி லீவு. ஊட்டுல சும்மா உக்காந்திருக்கறதுக்கு வரலாம்னு" என்றாள் சுப்பாத்தாள். சேலையைச் செருகிக்கொண்டு வரிசையில் இறங்கிவிட்டாள். மத்தியானம் வரை கை ஓயவில்லை. வடக்குப் பக்கத்தில்தான் அவளும் பிடுங்கினாள். "இந்தப் பக்கம் கை நெறயுதுக்கா" என்று அவளே சொன்னாள். தட்டப்பயிற்றுக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது கம்பெனியில் பீகார்ப் பிள்ளைகள் பேசுகிற தமிழைச் சொல்லிக் காட்டிச் சிரித்தாள். ரங்காத்தாளும் சிரித்தாள். பழைய சுப்பாத்தாள்தான் என்று நெஞ்சு லேசாயிற்று.

பொழுது சாய்கிறபோது அய்யாசாமி ஒரு பையை நீட்டினார்.

"சுப்பா, ஊட்டுக்கு வேணுங்கறது அள்ளிக்க. நல்லதாப் பாத்து எடு."

வடக்குப் பக்கத்துக் குவியல் கண்ணெதிரில் இருந்தது. சுப்பாத்தாள் பையை வாங்கிக்கொண்டு அதன் முன்னால் ஒரு கணம் நின்றாள். குனிந்து ஒரு காயை எடுத்தாள். கட்டைவிரலால் அதன் தோலைத் தடவினாள். பிறகு அதை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பாத்திகளைத் தாண்டித் தெற்குப் பக்கத்துக் குவியலுக்குப் போனாள்.

"அது பொடுசா இருக்குது சுப்பா" என்றார் அய்யாசாமி.

"இருக்கட்டுங்கண்ணா. எனக்கு இது போதும்."

கோபமோ குத்தலோ அந்தக் குரலில் இல்லை. அவள் உட்கார்ந்து சின்னச் சின்னக் காய்களாகப் பைக்குள் போட்டாள். ரங்காத்தாள் அவளுக்கு எதிரில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்தக் குவியலில் அழுகல் இல்லாததாகப் பொறுக்கி அவளுடைய பையில் போட்டாள்.

புரட்டாசியில் அடுத்த நடவுக்கு உழவு ஓட்டினார்கள். இந்தத் தடவை தோட்டம் முழுக்கத் தூள் எருவே போட்டுவிடலாம் என்று அய்யாசாமி மிச்சமிருந்த குவியலை அளந்துகொண்டிருந்தார். ரங்காத்தாள் தெற்கு மூலையில் போய் நின்றாள்.

"இந்த நாலு பாத்திக்கு மட்டும் தூள் வேண்டாமுங்க. வெறுஞ் சாணி போட்டாப் போதும்."

யாருக்கென்று அவர் கேட்கவில்லை. நாலு மூலையிலும் குச்சி அடித்துக் கயிறு கட்டினார்.